மணற்புல்வெளியில் கிடைத்த குட்டைச்சிறகுத் தத்துப்பூச்சி: புதிய சிற்றினம் என்று எப்போது எழுதலாம்?

பதிவு 1: மணல்மேட்டுப்புல்

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் மணற்பாங்கான பிரெய்ரிப் புல்வெளித் துண்டு ஒன்றில் இரண்டு கோடைகளாகப் பூச்சிகளைச் சேகரித்து வருகிறேன். மொத்தப் பரப்பு ஒன்பது ஏக்கர். மூன்று புறமும் மக்காச்சோளமும் சோயாவும் நிற்கின்றன, நான்காவது புறம் பழைய இரயில் பாதை. பனியுகத்தின் முடிவில் உருகிய பனிப்பாறைகளின் வெள்ளம் கொண்டுவந்து கொட்டிய மணல் இது என்பதால் ஏர் பூட்டியவர்கள் இதை விட்டுவிட்டார்கள். குளிர்காலத்தில் பனிக்கு அடியில் கிடக்கும் இந்த மணலில் சப்பாத்திக்கள்ளி முளைத்திருப்பதை முதன்முதலில் பார்த்த நாளில் எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் தீரவில்லை.

இங்கே கிடைத்த ஒரு பூச்சியைப் பற்றித்தான் உங்கள் கருத்தைக் கேட்க வந்திருக்கிறேன். நம் ஊரில் நெல்லைத் தாக்கும் புகையான் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததோ அதே டெல்பாசிடே குடும்பத்தைச் சேர்ந்த தத்துப்பூச்சி இது. பின்னங்காலின் கணைக்கால் நுனியில் அசையக்கூடிய பெரிய முள் ஒன்று இருப்பதால் குடும்பத்தைப் பற்றிய ஐயம் இல்லை. சிறுநீலத்தண்டுப் புல் அடர்ந்த பகுதியில், இலை ஊதும் இயந்திரத்தைத் திருப்பி உறிஞ்சும் கருவியாக மாற்றி, புல்லின் அடித்தூரில் வைத்து உறிஞ்சியபோது பதினான்கு ஆண்களும் ஒன்பது பெண்களும் கிடைத்தன. எல்லாம் ஜூன் இறுதிக்கும் ஜூலை நடுப்பகுதிக்கும் இடையில் கிடைத்தவை, எல்லாம் குட்டைச்சிறகு கொண்டவை. வலையை வீசிச் சேகரித்த நாட்களில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. இவை புல்லின் மேல்நுனிக்கு ஏறுவதே இல்லை என்று நினைக்கிறேன்.

ஆண் பூச்சி இரண்டரை மில்லிமீட்டருக்கும் குறைவு. உடல் கரும்பழுப்பு. முகத்தில் ஓடும் வரப்புகள் மட்டும் வெளிர்மஞ்சள், வரப்புகளுக்கு இடைப்பட்ட பள்ளங்கள் பளபளப்பான கறுப்பு. நான்கு ஆண்களின் வயிற்றைக் கழற்றி, பத்து விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஓர் இரவு ஊறவைத்து, நீரில் கழுவி, கிளிசரினில் இட்டுப் பிறப்புறுப்பைப் பார்த்தேன். மலக்குழலின் அடியிலிருந்து நீண்ட இரண்டு முட்கள் இறங்கி ஒன்றையொன்று குறுக்காகக் கடக்கின்றன. ஆண்குறித் தண்டு நடுவில் கீழ்நோக்கி வளைந்து, நுனிக்கு முன்னால் இரண்டு வரிசைப் பற்களைக் கொண்டிருக்கிறது. இந்த இரண்டு அடையாளங்களும் ஒருசேர அமைந்த படம் எதையும் வட அமெரிக்க டெல்பாசிடே பற்றி என் கையில் உள்ள நூல்களில் நான் காணவில்லை.

என் கேள்வி இதுதான். நான்கு ஆண்களின் பிறப்புறுப்பு வரைபடங்களோடு இந்தக் குளிர்காலத்திலேயே புதிய சிற்றினமாக எழுதி அனுப்பலாமா? அவசரப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. வரும் மார்ச் மாதத்தில் இந்த ஒன்பது ஏக்கர் முழுவதையும் ஒரே நாளில் எரிப்பதாகப் பராமரிப்புத் திட்டம் சொல்கிறது. பெயரே இல்லாத பூச்சிக்காகத் திட்டத்தை மாற்றச் சொல்லி நான் எப்படிக் கேட்பது?

பதிவு 2: ஊசிப்பெட்டி

வணக்கம். முப்பது ஆண்டுகளாக அருங்காட்சியகப் பூச்சிப் பெட்டிகளோடு வாழ்ந்தவன் என்ற முறையில் சில சொற்கள். உங்கள் வரைபடங்கள் கவனமானவை. ஆனால் நூல்களில் உள்ள படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்ததை வைத்துப் புதியது என்று முடிவு கட்டுவது தவறு.

நீங்கள் ஒப்பிட வேண்டியது பெயர் நிறுவப்பட்ட மூல மாதிரிகளோடு. வட அமெரிக்க டெல்பாசிடே பற்றிய பெரிய அடிப்படை நூலைக் கிராஃபோர்டு 1914இல் வெளியிட்டார். அந்தக் காலத்துப் படங்களில் பல வெளிப்புறத் தோற்றத்தை மட்டுமே காட்டுகின்றன, தண்டின் பற்கள் அவற்றில் தெரியாது. பின்னர் 1940களிலும் அதற்குப் பின்னரும் கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் பீமர் இந்தக் குடும்பத்தில் ஏராளமான சிற்றினங்களுக்குப் பெயரிட்டார். அவருடைய விளக்கங்கள் சுருக்கமானவை, ஒவ்வொரு சொல்லுக்கும் அவர் என்ன பொருள் கொண்டார் என்பது மாதிரியைக் கண்ணால் பார்த்தால்தான் விளங்கும். 2014இல் பார்ட்லெட், ஓ'பிரையன், வில்சன் ஆகிய மூவரும் அமெரிக்க ஒன்றியத்தின் தத்துப்பூச்சிகள் அனைத்தையும் தொகுத்து வெளியிட்ட மீள்பார்வை உங்கள் கையில் இருக்கும் என்று நம்புகிறேன். வழியைக் காட்டும் அளவில் அது மிகச் சிறந்த நூல். ஆயினும் மாதிரியைப் பார்க்கும் வேலையை எந்த நூலும் நமக்காகச் செய்துவிடாது.

இன்னொன்று. பழைய பெயர்களில் சில பெண் பூச்சியை மட்டும் வைத்து நிறுவப்பட்டவை. இந்தக் குடும்பத்தில் பெண்களைக் கொண்டு சிற்றினத்தைப் பிரிப்பது பெரும்பாலும் இயலாத செயல். உங்கள் பூச்சியின் பெண்ணுக்கு நூறாண்டுக்கு முன்பே யாரோ பெயர் வைத்துவிட்டு, அதன் ஆணை ஒருவரும் பாராமல் விட்டிருக்கவும் கூடும். அப்படியானால் முந்திய பெயரே நிலைக்கும், உங்கள் பெயர் அதற்கு இணைப்பெயராகிவிடும். பெண்ணின் முகவரப்புகள், கணைக்கால் முள்ளில் உள்ள பற்களின் எண்ணிக்கை, முட்டையிடும் உறுப்பின் அடித்தகடு ஆகியவற்றை எழுதிவைத்துக்கொண்டு, அந்த மூலப் பெண் மாதிரிகளைத் தேடிப் பாருங்கள்.

அதோடு, அருகில் உள்ள பெரிய சேகரிப்புகளின் அடையாளம் காணப்படாத தட்டுகளை முதலில் திறந்து பாருங்கள். ஷாம்பெய்னில் உள்ள இல்லினாய் இயற்கை வரலாற்று ஆய்வகத்தின் பூச்சிச் சேகரிப்பில் மட்டும் பல இலட்சம் மாதிரிகள் இருக்கின்றன. இன்று மக்காச்சோளமாகிவிட்ட இடங்களிலிருந்து எடுத்த உங்கள் பூச்சி அங்கே சிற்றினப் பெயரின்றி ஏதோ ஒரு முக்கோண அட்டையின் நுனியில் ஒட்டப்பட்டிருக்கலாம். ஒன்பது ஏக்கரைத் தவிர வேறு எங்கே அது இருந்தது என்பதற்கு உங்களுக்குக் கிடைக்கக்கூடிய ஒரே சாட்சி அதுவாகவே இருக்கும்.

பதிவு 3: நெல்வயல்

நான் காவிரிப் படுகையில் நெல்லோடும் புகையானோடும் வேலை செய்பவள். பிரெய்ரியை நான் பார்த்ததில்லை. ஆனால் தாங்கள் சொல்லும் குட்டைச்சிறகு பற்றி எனக்குச் சொல்ல இருக்கிறது.

புகையானில் ஒரே தாயின் முட்டைகளிலிருந்து நீள்சிறகும் குட்டைச்சிறகும் வரும். பயிர் இளமையாகவும் கூட்டம் குறைவாகவும் இருக்கும்போது குட்டைச்சிறகு மிகும். பயிர் முற்றி, தூர்களில் நெருக்கடி ஏற்பட்டால் நீள்சிறகு வந்து வயலைவிட்டுப் பறந்துவிடும். இரண்டு இன்சுலின் ஏற்பிகள் எதிரெதிராக வேலை செய்து இதைத் தீர்மானிக்கின்றன என்பதைச் சீன ஆய்வாளர்கள் 2015இல் காட்டினார்கள். ஆகவே தங்கள் விளக்கத்தில் 'குட்டைச்சிறகுடையது' என்பதை வேறுபடுத்தும் பண்பாக எழுதிவிடாதீர்கள். இருபத்து மூன்று மாதிரிகளில் நீள்சிறகு இல்லை என்பதற்கு, இந்தச் சிற்றினத்தில் நீள்சிறகே இல்லை என்று பொருளாகாது. நீள்சிறகு வடிவத்தில் நிறமும் முன்முதுகின் அமைப்பும் மாறித் தெரியும். யாரோ அதை வேறொரு சிற்றினமாக எண்ணிப் பெயரிட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு.

இருந்தாலும் தங்கள் பூச்சி பெரும்பாலும் பறக்காதது என்று நீங்கள் நினைப்பதில் நியாயம் இருக்கிறது. நிலையாக நீடிக்கும் வாழிடத்தில் வாழும் தத்துப்பூச்சிகளில் குட்டைச்சிறகு மிகுதி என்பதை மேரிலாந்தின் டென்னோவும் அவருடைய குழுவினரும் பல சிற்றினங்களை ஒப்பிட்டுக் காட்டியிருக்கிறார்கள். நெல்வயல் சில மாதங்களில் அறுவடையாகிவிடும், ஆகவே புகையானுக்குப் பறந்தே தீர வேண்டும். ஜப்பானின் குளிரைத் தாங்க முடியாத அது ஒவ்வோர் ஆண்டும் கடல் தாண்டி அங்கே போகிறது. 1967இல் பசிபிக் கடலில் நின்ற வானிலைக் கப்பல் ஒன்றின் மீது அது கூட்டமாக வந்து இறங்கிய பிறகே இந்த வலசை உறுதியானது. பல்லாயிரம் ஆண்டுகள் புல்லாகவே நின்ற இடத்தில் வாழும் பூச்சிக்கு அந்தத் தேவை இருந்ததில்லை. இன்று சுற்றிலும் சோயா நிற்கும்போது, போக வேண்டிய தேவை வந்தாலும் அதற்கு வழி இல்லை.

பதிவு 4: மணல்மேட்டுப்புல்

ஐயா, அம்மா, இருவருக்கும் நன்றி. சிறகின் நீளத்தை வேறுபடுத்தும் பண்புகளின் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டேன். கன்சாஸ் சேகரிப்புக்கு இரவல் கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறேன்.

இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும், ஏனெனில் நான் பெரிய தவறு ஒன்றைச் செய்ய இருந்தேன். பதினான்கு ஆண்களில் மீதமிருந்த பத்தில் ஆறை இந்த வாரம் திறந்து பார்த்தேன். அவற்றில் ஒன்றின் தண்டு குறுகி, பற்கள் இல்லாமல், மலக்குழல் முட்கள் பாதியளவே இருந்தன. முதலில் இதே இடத்தில் இரண்டாவது சிற்றினம் ஒன்று இருக்கிறது என்று நினைத்து மகிழ்ச்சியடைந்தேன். மறுநாள் நிதானமாகப் பார்த்தபோது வயிற்றுக் கண்டங்களுக்கிடையே ஒரு சிறிய பழுப்பு நிறப் புடைப்பு தெரிந்தது. முறுக்குச்சிறகி என்னும் ஒட்டுண்ணியின் தலைப்பகுதி அது. இந்த ஒட்டுண்ணி உள்ளே வளரும்போது தத்துப்பூச்சியின் பிறப்புறுப்பு முழு வளர்ச்சியடையாமல் போகிறது. அந்த ஒரே பூச்சி கிடைத்து, அதை வைத்தே நான் எழுதியிருந்தால், ஒட்டுண்ணி செய்த ஊனத்தைப் புதிய சிற்றினத்தின் அடையாளமாக அச்சேற்றியிருப்பேன்.

மற்ற ஒன்பது ஆண்களிலும் தண்டின் வளைவு ஒன்றே. பற்களின் எண்ணிக்கை மட்டும் மாறுகிறது. ஒருபுறம் ஐந்திலிருந்து எட்டு வரை இருக்கிறது, சிலவற்றில் இடமும் வலமும்கூடச் சமமாக இல்லை. முதல் நான்கில் ஆறு என்று மட்டுமே இருந்ததால் நான் 'ஆறு பற்கள்' என்று எழுதியிருந்தேன். இந்த மாறுபாட்டை விளக்கத்தில் எப்படி எழுதுவது?

பதிவு 5: ஊசிப்பெட்டி

கண்டதைக் கண்டபடி எழுதுங்கள்: 'ஒருபுறத்துக்கு ஐந்து முதல் எட்டு வரை, ஒன்பது ஆண்களில்.' எத்தனை பூச்சிகளைப் பார்த்தீர்கள் என்ற எண் இல்லாத விளக்கத்தை நான் நம்புவதில்லை. தண்டைப் பக்கத்திலிருந்தும், பிறப்புறுப்பைச் சூழ்ந்த உறையைப் பின்னாலிருந்தும், பெண்ணைப் பிடிக்கும் இணை உறுப்புகளான பற்றிகளை அவற்றின் அகன்ற முகம் தெரியும்படியும் வரையுங்கள். சற்றே சாய்ந்தாலும் பற்றியின் நுனி வேறு வடிவமாகத் தெரியும். புதிய சிற்றினங்கள் என்று அறிவிக்கப்பட்டவற்றில் சில, மாதிரி கண்ணாடித் தகட்டில் சாய்ந்து கிடந்ததால் பிறந்தவை.

ஒட்டுண்ணி கொண்ட மாதிரியைத் தனிச்சீட்டுடன் சேகரிப்பில் வையுங்கள், எறிந்துவிடாதீர்கள். ஆனால் மூலமாதிரியோடு சேர்த்துக் கட்டுரையில் பட்டியலிடும் துணை மூலமாதிரிகளில் அதைச் சேர்க்க வேண்டாம்.

பதிவு 6: தீக்கோடு

நான் பிரெய்ரிப் பராமரிப்பில் பல ஆண்டுகள் தன்னார்வலராகப் பணியாற்றியவன். எரிப்பு நாட்களில் தீயின் ஓரத்தை நனைத்துக்கொண்டு நடப்பதுதான் என் வேலை. தீயைப் பற்றிய தங்கள் அச்சத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

முதலில் இந்த நிலம் எவ்வளவு சுருங்கியது என்பதை மற்ற நண்பர்களுக்காகச் சொல்கிறேன். இல்லினாயில் ஒரு காலத்தில் சுமார் 2 கோடியே 20 இலட்சம் ஏக்கர் பிரெய்ரி இருந்தது. 1837இல் ஜான் டீர் எஃகுக் கொழுவை உருவாக்கியதும் இந்த மாநிலத்தில்தான். பிரெய்ரியின் ஒட்டும் கரிய மண் இரும்புக் கொழுவில் அப்பிக்கொண்டு உழவரை ஓய்த்தது, எஃகுக் கொழுவிலோ வழுக்கி விழுந்தது. அதன்பின் இரண்டு தலைமுறைகளில் வேலை முடிந்துவிட்டது. கெடாமல் எஞ்சிய பிரெய்ரி பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவே. அதுவும் பழைய இடுகாடுகளிலும், இரயில் பாதையோரங்களிலும், ஏர் ஏறாத மணல்மேடுகளிலும், ஆற்றங்கரைச் சரிவுகளிலும் துண்டுதுண்டாகக் கிடக்கிறது.

இந்தத் துண்டுகளுக்குத் தீ தேவை. எரிக்காமல் விட்டால் புதரும் மரமும் ஏறிப் புல் மறைந்துவிடும், புல் மறைந்தால் தங்கள் பூச்சியும் மறையும். ஆகவே தீயை எதிர்ப்பது தீர்வாகாது. எவ்வளவு இடத்தை ஒரே முறையில் எரிப்பது என்பதுதான் கேள்வி. புல்லின் அடித்தூரிலும் சருகிலும் குளிர்காலத்தைக் கழிக்கும் பூச்சிகள் மார்ச் மாதத் தீயில் பெரும்பாலும் இறந்துபோகும். பக்கத்தில் எரியாத புல் இருந்தால் அங்கிருந்து ஒன்றிரண்டு ஆண்டுகளில் பல சிற்றினங்கள் மீண்டும் பரவுவதை நாங்கள் பார்த்திருக்கிறோம். பறக்க முடியாத பூச்சி ஒன்பது ஏக்கரில் மட்டுமே இருந்து, அந்த ஒன்பது ஏக்கரும் ஒரே நாளில் எரிந்தால், மீண்டும் பரவுவதற்கு எங்கிருந்து வரும்?

இதைக் கேட்பதற்குப் பூச்சிக்குப் பெயர் இருக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பதை நான் ஏற்கவில்லை. செவ்வால் இலைத்தத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். பிரெய்ரித் துளிவிதைப் புல்லை நம்பி வாழும் அந்தக் குட்டைச்சிறகுப் பூச்சிக்கு டிலாங் 1935இல் பெயரிட்டார். சட்டப்படி காக்கப்படும் பட்டியலில் சில மாநிலங்கள் அதைச் சேர்த்தது அதற்குப் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு. அந்த இடைவெளியில் அது பிழைத்த இடங்களில் பெயரைவிட, பராமரிப்பவர்கள் பாதியை எரித்துப் பாதியை விட்டதே பெரிய காரணம் என்று நான் கருதுகிறேன். உங்கள் நிலத்தின் பொறுப்பாளரிடம் நேரில் சென்று, சேகரித்த இடங்களைக் குறித்த வரைபடத்தைக் காட்டிப் பேசுங்கள். சிறுநீலத்தண்டுப் புல் மிகுந்த பகுதியின் நடுவே, தீ தாண்டாதபடி புல்லை வெட்டி ஒரு வெட்டுக்கோடு போட்டால் போதும். அவர்கள் நிச்சயம் காது கொடுப்பார்கள், ஏனெனில் அந்த நிலத்தின் மீது அவர்களுக்கும் உங்கள் அளவு அக்கறை இருக்கிறது.

அப்படி ஒப்புக்கொண்டால் இந்தக் குளிர்காலத்திலேயே அச்சேற்ற வேண்டிய கட்டாயம் தங்களுக்கு இல்லை.

பதிவு 7: பெயர்ச்சொல் மாணவி

விலங்கியல் பெயரிடல் விதிகளைப் படித்து வருபவள் நான். விதியின் பார்வையில் சில குறிப்புகள், அனுபவமுள்ளவர்கள் திருத்தலாம்.

நீங்கள் தேர்ந்த பெயரை இந்த இழையில் எழுதாமல் இருப்பது மிகவும் சரி. தயவுசெய்து கடைசிவரை எழுதாதீர்கள். விளக்கமும் மூலமாதிரியும் இல்லாமல் வெளியே உலவத் தொடங்கும் பெயர், விதிப்படி பெயராகாவிட்டாலும் பட்டியல்களில் புகுந்து குழப்பத்தை உண்டாக்கும்.

பன்னாட்டு விதித்தொகுப்பின் நான்காம் பதிப்பு 2000ஆம் ஆண்டின் முதல் நாளிலிருந்து நடைமுறையில் உள்ளது. அதன்படி பெயர் புதியது என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், வேறுபடுத்தும் பண்புகளைச் சொற்களால் எழுத வேண்டும், மூலமாதிரியைக் குறிப்பிட்டு அது எந்தச் சேகரிப்பில் வைக்கப்படும் என்றும் எழுத வேண்டும். படங்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் சொற்களின் இடத்தை அவை நிரப்பாது. மின்னிதழில் மட்டும் வெளியிடுவதாக இருந்தால், 2012இல் வந்த திருத்தத்தின்படி அந்தக் கட்டுரையை வெளியீட்டுக்கு முன்பே விலங்குப் பெயர்களுக்கான சூபேங்க் பதிவகத்தில் பதிந்து, பதிந்ததற்கான சான்றைக் கட்டுரைக்குள்ளேயே காட்ட வேண்டும். இதைத் தவறவிட்ட பெயர்கள் செல்லாமல் போயிருக்கின்றன.

பெயரடையாக ஒரு பெயரைத் தேர்ந்தால் அது பேரினப் பெயரின் பாலோடு ஒத்துப்போக வேண்டும். ஆகவே பேரினம் முடிவாகும் வரை ஈற்றெழுத்தை முடிவு செய்ய முடியாது. அந்த நிலத்தின் பூர்வகுடி மொழிச்சொல் ஒன்றை வைக்கலாம் என்ற எண்ணம் உங்களுக்கு இருந்தால், அகராதியிலிருந்து எடுத்து ஒட்டாமல், மயாமி இல்லினாய் மொழியை இன்று மீட்டெடுத்துப் பேசிவரும் மக்களிடம் கேட்டு, அவர்கள் விரும்பினால் மட்டும் வையுங்கள். அந்தப் புல்வெளியிலிருந்து அகற்றப்பட்டவர்களின் சொல்லை அவர்களைக் கேட்காமல் எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

மரபணு வரிசை எடுக்கிறீர்களா? மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் மரபணுவின் 658 எழுத்துத் துண்டுதான் வழக்கமாக எடுக்கப்படுவது. பிறப்புறுப்பைப் பார்க்காமல், அதில் எத்தனை எழுத்துகள் வேறுபடுகின்றன என்பதை மட்டும் வைத்துப் புதியது என்று சொல்வதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் உங்கள் ஒன்பது பெண்கள் அந்த ஆண்களுக்கு உரியவைதாமா என்பதை இது ஒன்றுதான் உறுதியாகச் சொல்லும்.

பதிவு 8: ஊசிப்பெட்டி

மாணவி சொன்னதோடு ஒரு செய்முறையைச் சேர்க்கிறேன். மரபணு எடுக்க வேண்டிய மாதிரிகளின் வயிற்றைக் காரக்கரைசலில் இடாதீர்கள். புரதங்களைக் கரைக்கும் நொதியில் வயிற்றை முழுதாக ஊறவையுங்கள். தசை கரைந்து மரபணு நீரில் இறங்கும், கடினமான உறுப்புகள் அப்படியே மிஞ்சும். ஒரே வயிற்றிலிருந்து மரபணுவும் கிடைக்கும், வரைவதற்கு ஏற்ற சுத்தமான பிறப்புறுப்பும் கிடைக்கும். வேலை முடிந்ததும் அதைக் கிளிசரின் நிரப்பிய சிறு குப்பியில் இட்டு, அதே மாதிரியின் ஊசியிலேயே குத்திவையுங்கள். உடலும் வயிறும் வெவ்வேறு பெட்டிகளில் பிரிந்து, எது எதனுடையது என்று எவருக்கும் தெரியாமல் போன மூலமாதிரிகளை நான் பார்த்திருக்கிறேன். அவற்றை இனி யாராலும் சேர்த்துவைக்க முடியாது.

இப்போது பேரினம் பற்றி. இதில்தான் நீங்கள் அதிகம் தடுமாறப் போகிறீர்கள். வட அமெரிக்காவில் நெடுங்காலமாக, சிறிய, பழுப்பு நிற, வேறெங்கும் பொருந்தாத டெல்பாசிடே எல்லாவற்றையும் டெல்பகோடீஸ் என்ற பேரினத்தில் போட்டுவைத்தார்கள். ஃபீபர் 1866இல் ஏற்படுத்திய ஐரோப்பியப் பேரினம் அது. 1983இல் ஆஷேயும் ரெமானேயும் அந்தப் பேரினப் பெயருக்கு அடிப்படையான மூலச் சிற்றினத்தை ஆராய்ந்து, உண்மையான டெல்பகோடீஸ் பழைய உலகை, அதாவது அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே உள்ள பகுதியைச் சேர்ந்த சில சிற்றினங்கள் மட்டுமே என்று வரையறுத்தார்கள். அன்றிலிருந்து அமெரிக்கச் சிற்றினங்கள் ஒவ்வொன்றாக வேறு பேரினங்களுக்குக் குடிபெயர்ந்து வருகின்றன. இன்னும் பல, தமக்கு உரியதல்ல என்று எல்லோருக்கும் தெரிந்த அந்தப் பெயரிலேயே காத்திருக்கின்றன.

உங்கள் முன் மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, தவறு என்று தெரிந்தே டெல்பகோடீஸில் வைப்பது. இரண்டாவது, இந்த ஒரு பூச்சிக்காகப் புதிய பேரினம் ஏற்படுத்துவது. மூன்றாவது, குறுக்கே கடக்கும் மலக்குழல் முட்களும் கீழ்நோக்கி வளைந்த தண்டும் கொண்ட பிற அமெரிக்கச் சிற்றினங்களைத் தேடி, அந்தக் குழு எங்கே சேரும் என்பதை ஆராய்ந்த பிறகு வைப்பது. மூன்றாவதுதான் சரியான வழி, அதற்கு இரண்டு ஆண்டுகள்கூட ஆகலாம். ஒற்றைச் சிற்றினத்துக்கென்று புதிய பேரினம் அமைப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். அப்படிச் செய்தால் அதன் உறவினர் யார் என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதுபோல ஒரு தோற்றம் ஏற்படும், பின்னால் வருபவர்கள் அந்தக் கேள்வியைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

பதிவு 9: பெயர்ச்சொல் மாணவி

ஐயா, இதில் தங்களோடு ஓரளவு மாறுபடுகிறேன். சிற்றினம் புதியது என்பது உறுதியானால், பேரினம் தற்காலிகமானது என்று கட்டுரையிலேயே வெளிப்படையாகச் சொல்லி டெல்பகோடீஸில் வைத்து வெளியிடலாம் என்பது என் கருத்து. பேரினம் பின்னர் மாறினாலும் சிற்றினப் பெயர் அதனோடு செல்லும், அதைப் பெயரிட்டவரின் பெயரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் தொடரும். குழுவின் உறவுமுறை முழுதும் தெளியும் வரை காத்திருப்பது என்றால், இந்தக் குடும்பத்தில் ஒருவரும் எதையும் எழுத முடியாது.

பதிவு 10: ஊசிப்பெட்டி

ஏற்கிறேன், ஒரு நிபந்தனையோடு. தற்காலிகம் என்று வெறுமனே சொன்னால் போதாது. எந்தப் பண்புகளால் அது உண்மையான டெல்பகோடீஸ் அல்ல என்பதையும், எந்தச் சிற்றினங்களோடு ஒப்பிடத்தக்கது என்பதையும் ஒரு முழுப் பத்தியில் எழுத வேண்டும். அடுத்து வருபவருக்கு அந்தப் பத்திதான் தொடக்கப் புள்ளி.

பதிவு 11: நெல்வயல்

எல்லோரும் மாதிரிகளைப் பற்றியே பேசுகிறோம். உயிரோடு இருக்கும் பூச்சியைப் பற்றியும் கொஞ்சம் பேச விரும்புகிறேன்.

புகையானைப் போலவே தோற்றமளிக்கும் பூச்சி ஒன்று ஆசியாவில் லீர்சியா என்னும் களைப்புல்லில் வாழ்கிறது. கையில் எடுத்துப் பார்த்தால் நெல்லில் உள்ளதிலிருந்து அதை எளிதில் பிரிக்க முடியாது. பிரிட்டனின் கிளாரிட்ஜும் அவருடைய குழுவினரும் 1980களில் அவற்றின் அதிர்வு அழைப்புகளைப் பதிவு செய்தார்கள். தத்துப்பூச்சிகள் நம் காதுக்குக் கேட்கும்படி பாடுவதில்லை, வயிற்றை அதிர்வித்துத் தண்டின் வழியாகச் செய்தி அனுப்புகின்றன. ஆண் அழைக்கும், பெண் அதே தண்டில் பதில் தரும். நெல் பூச்சியின் அழைப்பும் லீர்சியா பூச்சியின் அழைப்பும் வேறு வேறு தாளத்தில் இருந்தன. அவை தம் புல்லையும் தம் இணையையுமே தேர்ந்தன. தனித்தனிச் சிற்றினங்கள் என்ற முடிவுக்கு அவர்கள் வந்தது அதிலிருந்துதான்.

தாங்கள் சிறுநீலத்தண்டுப் புல் அடர்ந்த பகுதியில் உறிஞ்சி எடுத்தீர்கள் என்பது உண்மை. ஆனால் அந்தக் கருவி ஒரு தூரை மட்டும் உறிஞ்சுவதில்லை. இடையில் ஜூன்புல்லும் கோரையும் இருந்திருக்கும். பூச்சி எந்தப் புல்லில் முட்டையிட்டு வளர்கிறது என்பது தெரியாமல் 'உணவுத் தாவரம்: சிறுநீலத்தண்டுப் புல்' என்று எழுதினால், அந்த ஒரு வரி ஐம்பது ஆண்டுகள் ஒவ்வொரு பட்டியலாக நகலெடுக்கப்படும். இளம்பூச்சிகளைத் தேடுங்கள். இளம்பூச்சி அமர்ந்து உறிஞ்சும் புல்தான் உணவுத் தாவரம். கண்டெடுத்ததும் தனித்தனித் தொட்டிகளில் மூன்று வகைப் புல்லை வளர்த்து, மெல்லிய துணிக்கூண்டு மூடி, எதில் அது வளர்ந்து முதிர்கிறது என்று பாருங்கள். எங்கள் ஆய்வகத்தில் நெல் இரகங்களின் எதிர்ப்புத் திறனைச் சோதிப்பதும் ஏறக்குறைய இப்படித்தான்.

பதிவு 12: மணல்மேட்டுப்புல்

நீண்ட இடைவெளிக்குப் பிறகு எழுதுகிறேன், மன்னிக்கவும்.

தீக்கோடு ஐயா சொன்னபடி நிலத்தின் பொறுப்பாளரை ஜனவரியில் சந்தித்தேன். சேகரித்த இடங்களைக் குறித்த வரைபடத்தை மேசையில் விரித்து, இது பெயரில்லாத பூச்சி, பறக்காதது, வேறு இடத்தில் இருப்பதற்கு இதுவரை சான்று இல்லை என்று சொன்னேன். அவர் கேட்ட ஒரே கேள்வி, வெட்டுக்கோட்டை எங்கே போடுவது என்பதுதான். மார்ச் மாதத்தில் மேற்குப் பக்கம் நான்கு ஏக்கர் மட்டும் எரிந்தது. கிழக்குப் பக்கம் அடுத்த ஆண்டும் எரியாது என்று எழுத்தில் தந்திருக்கிறார்கள்.

கன்சாஸிலிருந்து ஏழு மூலமாதிரிகள் இரவலாக வந்தன. அவற்றில் ஒன்றின் மலக்குழல் முட்கள் குறுக்காகக் கடப்பதைக் கண்டதும் கொஞ்ச நேரம் எதுவும் ஓடவில்லை. ஆனால் அதன் தண்டு மேல்நோக்கி வளைந்திருந்தது, பற்களும் ஒரே வரிசை. அச்சில் உள்ள படத்தில் இந்த முட்களே இல்லை. ஊசிப்பெட்டி ஐயா முதல் நாளே சொன்னது எவ்வளவு சரி என்பதை அன்றுதான் உணர்ந்தேன். நெருங்கிய உறவினர் இதுவாக இருக்கலாம் என்பதால், பேரினம் பற்றிய பத்தியில் இதனோடு ஒப்பிட்டு எழுதி வருகிறேன். பெண்ணை மட்டும் கொண்டு நிறுவப்பட்ட இரண்டு பழைய பெயர்களின் மாதிரிகள் இன்னும் பார்க்கப்படவில்லை. அவற்றைப் பார்க்கும் வரை கட்டுரையை அனுப்புவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

அருங்காட்சியகத்தின் அடையாளம் காணாத தட்டுகளிலும் தேடினேன். ஒரே ஓர் ஆண் கிடைத்தது. சீட்டில் இதே மாநிலத்தின் வேறொரு மாவட்டப் பெயர் இருக்கிறது. அங்கே சென்று பார்த்தேன், அந்த இடம் இப்போது முழுவதும் வயல். பரவலைக் காட்டும் படத்தில் அந்த இடத்தை வெற்றுவட்டமாகக் குறிக்கப் போகிறேன்.

ஏப்ரல் இறுதியில், எரியாத கிழக்குப் பகுதியில், கருவியை எடுத்துச் செல்லாமல் மண்டியிட்டுப் புல்தூர்களைக் கையால் விலக்கிப் பார்த்தேன். மூன்றாம் நாள் காலையில், சிறுநீலத்தண்டுத் தூர் ஒன்றின் அடியில், மணலோடு ஒட்டிய வெளிறிய தண்டில் ஐந்து இளம்பூச்சிகள் தலைகீழாக அமர்ந்திருந்தன. பக்கத்தில் இருந்த ஜூன்புல்லில் ஒன்றும் இல்லை. ஆனால் நெல்வயல் அம்மா சொன்னதை மறக்காமல், அந்த ஐந்தையும் சிறுநீலத்தண்டு, ஜூன்புல், கோரை ஆகிய மூன்று தொட்டிகளிலும் பிரித்து வைத்திருக்கிறேன். ஜூன்புல்லில் வைத்த இரண்டில் ஒன்று நேற்று இறந்துவிட்டது. சிறுநீலத்தண்டில் வைத்த இரண்டும் இன்று காலை தோலுரித்திருக்கின்றன. கோரையில் வைத்தது தண்டைவிட்டு இறங்கிக் கூண்டின் துணியில் அமர்ந்திருக்கிறது. ஐந்து பூச்சிகளை வைத்து எதையும் சொல்ல முடியாது என்பதால் அடுத்த வாரம் மேலும் தேடப் போகிறேன். தொட்டிகளின் அளவு, ஈரம் பற்றி நெல்வயல் அம்மா ஏதேனும் சொன்னால் உதவியாக இருக்கும். மணலில் நட்ட புல் இரண்டு நாட்களுக்குள் வாடத் தொடங்கிவிடுகிறது.

பதிவு 13: நெல்வயல்

தொட்டியின் அடியில் தட்டு வைத்து நீரை அதில் ஊற்றுங்கள், மேலிருந்து ஊற்ற வேண்டாம். மேலிருந்து ஊற்றினால் அடித்தண்டில் அமர்ந்திருக்கும் இளம்பூச்சி நீரில் சிக்கி இறந்துவிடும். புல்லைத் தூரோடும் பழைய மண்ணோடும் பெயர்த்து வைத்தால் வாடுவது குறையும். கோரையில் வைத்ததை இன்றே சிறுநீலத்தண்டுக்கு மாற்றிவிடுங்கள், ஓர் இரவுக்கு மேல் உறிஞ்சாமல் இருந்தால் அது தாங்காது. அது எந்த நாளில் இறங்கியது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.